நிலவறையில் ஒரு நாற்றங்கால்

முதல் குளிர்காலத்தில் நான் கொன்றது ஒரு கறிவேப்பிலைச் செடி. 2021 ஜூனில், கனடாவில் டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடை வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். முழங்கால் உயரம்கூட வராத கன்று, 25 டாலர். கோடை முழுக்க வீட்டுக்குப் பின்னால் வெயிலில் நின்று தளதளவென்று வளர்ந்தது. செப்டம்பர் கடைசியில் ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே தூக்கி வந்து, கூடத்தில் தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் பக்கமாக வைத்தேன். நல்ல வெளிச்சமான இடம். பகலில் விளக்குப் போடாமல் அங்கே உட்கார்ந்து படிக்கலாம். டிசம்பர் பாதியில் காம்பைத் தொட்டாலே இலை பொலபொலவென்று உதிர்ந்தது. நான் என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதைத்தான், தண்ணீர் ஊற்றினேன். இன்னும் உதிர்ந்தது, இன்னும் ஊற்றினேன். பிப்ரவரியில் தொட்டியில் நின்றது வெறும் குச்சி. இழுத்துப் பார்த்தேன், அழுகிய வேரோடு கையில் வந்துவிட்டது.

அந்த இடத்தை வெளிச்சமான இடம் என்று நம்பியதுதான் தப்பு. நம் கண் ரொம்ப அனுசரித்துப் போகிற பிள்ளை. வெளிச்சம் குறையக் குறைய கண்மணியை விரித்துச் சமாளித்துக்கொண்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்மிடம் சொல்லிவிடும். இலைக்கு அந்த வசதி கிடையாது. பின்னாளில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி அளந்து பார்த்தேன். கோடை மதியம் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ். ஜனவரியில் மப்பான ஒரு நாள், அந்த ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே, செடி நின்ற அதே இடத்தில், 600. ராத்திரி கூடத்து விளக்கைப் போட்டு அளந்தால் 200. என் கண்ணுக்கு மூன்றுமே ‘வெளிச்சம்’. அதோடு டொரான்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் முழுசாக ஒன்பது மணி நேரம்கூடத் தேறாது. ஜூனில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வெயிலைத் தின்று வளர்ந்த செடியை ஒரே வாரத்தில் பட்டினி போட்டுவிட்டு, சாப்பிட முடியாதவன் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் விளக்கு வாங்கினேன். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்குமே, அந்த ஊதா விளக்குதான். மேஜை விளிம்பில் கவ்வுகிற கிளிப், பாம்பு மாதிரி வளைகிற நாலு கழுத்து, ஒவ்வொரு தலையிலும் சிவப்பும் நீலமுமாகப் பொட்டு பொட்டாக எல்.இ.டி. அட்டையில் 80 வாட் என்று கொட்டை எழுத்து. ஆனால் அது போன் சார்ஜர் மாதிரி யு.எஸ்.பி.யில் செருகுகிற விளக்கு. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஐந்தை இரண்டால் பெருக்கினால் 10 வாட். மீதி 70 எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சில்லும் அதிகபட்சம் எத்தனை வாட் தாங்குமோ அதைக் கூட்டி எழுதுவதும், பழைய குண்டு பல்புக் கணக்கில் இத்தனைக்குச் ‘சமம்’ என்று எழுதுவதும் இந்த வியாபாரத்தில் சகஜம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் யாராவது விளக்கு வாங்க யோசனை கேட்டால், அட்டையின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

அந்த விளக்கை நிலவறையில், அதாவது பேஸ்மென்டில், மேலே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும் பக்கமாக மாட்டியிருந்தேன். ஒரு வாரம் போயிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா பனி அள்ளும்போது நிறுத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆனவர். “என்ன தம்பி, ராவெல்லாம் கீழ ஊதா வெளிச்சமாக் கிடக்கு. என்ன வளர்க்கிறியள்?” அவர் கேட்ட தோரணையிலேயே புரிந்தது. 2018 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் கஞ்சா சட்டப்படி ஆகிவிட்டது, ஒன்டாரியோவில் வீட்டுக்கு நாலு செடிவரை வைத்துக்கொள்ளலாம். தக்காளி நாற்று என்று சொன்னேன். நம்பவில்லை. கூட்டிப் போய்க் காட்டிய பிறகுதான் சிரித்தார். “நான் வேற ஏதோ எண்டு நினைச்சிட்டன்!”

காட்டியிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவ்வளவு கேவலமான நாற்றுகள். கொக்குக் கால் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்து, உச்சியில் இரண்டே இலையோடு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஊதா வெளிச்சத்தில் இலையெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், பச்சையா மஞ்சளா என்றே கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாற்றை மேலே எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி குடும்பம் குடும்பமாக இருப்பது தெரிந்தது. என்னை வெள்ளை விளக்குக்கு மாற்றியது விஞ்ஞானம் இல்லை, அந்த அசுவினிதான்.

விஞ்ஞானமும் அதே பக்கம்தான் நிற்கிறது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சும், பச்சையைத் திருப்பி அனுப்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துச் செய்ததுதான் ஊதா விளக்கு. ஆனால் மெக்ரீ என்பவர் பல பயிர்களின் இலைகளை வைத்து நிறம் நிறமாகச் சோதித்து 1972ல் வெளியிட்ட ஆய்வு, இலை பச்சை வெளிச்சத்தையும் கணிசமாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்று காட்டியது. ஒளியின் அலைநீளத்தில் 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்கும், அதாவது நீலத்திலிருந்து சிவப்புவரை, உள்ளதெல்லாம் செடிக்குச் சாப்பாடுதான். சிவப்பு கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும், அவ்வளவே. வெள்ளை எல்.இ.டி. என்பதும் வேறொன்றும் இல்லை, நீல எல்.இ.டி.யின் மேலே, நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியது. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல். ஆக, கார் ஷெட்டில் மாட்டுகிற சாதாரண நாலடி ஷாப் லைட்டிலேயே நாற்றுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ‘செடி விளக்கு’ என்று பெயர் போட்டால் விலை ஏறும். நாற்று விடுவதற்கு அந்தப் பெயர் அவசியமில்லை.

வாங்கியது இதுதான்: நாலடி நீளம், 40 வாட், 5000 கெல்வின் நிறம், இரண்டு விளக்கு. கெல்வின் எண் கூடினால் நீலம் தூக்கலாக இருக்கும், நாற்று குட்டையாக, கெட்டியாக வரும். 3000 வாங்கினால் கூடத்து விளக்கு மாதிரி மஞ்சளடிக்கும். செத்துப்போகாது, ஆனால் நாற்றுக்கு 5000, 6500 நல்லது. ஒரு கம்பி அலமாரி, தட்டுக்கு இரண்டு விளக்கு, தொங்கவிடச் சங்கிலி. சங்கிலி என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் விளக்கைத் தட்டின் அடியிலேயே திருகிவிட்டேன். நாற்று முளைக்கும்போது விளக்கு இரண்டடி மேலே இருந்தது. நாற்று அதைத் தேடி நீண்டது, மறுபடியும் கொக்குக் கால். விளக்கு நாற்றின் தலைக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும், நாற்று வளர வளரச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக விளக்கை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். எல்.இ.டி.யின் சூடு பெரும்பாலும் அதன் உலோக முதுகில்தான் இருக்கும், கீழே இலைமேல் அதிகம் இறங்காது. அதனால் இவ்வளவு கிட்டே வைக்கலாம்.

ரொம்பக் கிட்டே போனாலும் செடி சொல்லிவிடும். மிளகாய் இலையின் இரண்டு ஓரமும் படகு மாதிரி மேல்நோக்கி மடங்கும். துளசியில் உச்சி இலை வெளுக்கும். மடங்கினால் இரண்டு கண்ணி ஏற்று, நீண்டால் இரண்டு கண்ணி இறக்கு. ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடுகிற கணக்கு.

எண்ணில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு (நான் அந்த ஜாதி) ஒரு குறுக்கு வழி இருக்கிறது. செடிக்கு எட்டும் வெளிச்சத்தை அளக்கும் பி.பி.எஃப்.டி. கருவி விலை அதிகம். போன் செயலி காட்டும் லக்ஸை, வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால், 70ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும். என் அலமாரியில் நாற்றின் தலை மட்டத்தில் 14,000 லக்ஸ், அதாவது விநாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு). நாற்றுக்கு 150லிருந்து 300 போதும். ஆனால் இது மணிக்கூலி மாதிரி. செடிக்கு முக்கியம் நாள் கூலி. 200ஐ 16 மணி நேரத்தால் பெருக்கி, அதை 0.0036ஆல் பெருக்கினால் நாளுக்கு 11.5 மோல். ஒரு நாளில் செடிக்குக் கிடைக்கும் இந்த மொத்த வெளிச்சத்தை டி.எல்.ஐ. என்பார்கள். 10லிருந்து 15 வரை இருந்தால் தக்காளி, கத்தரி நாற்றெல்லாம் சந்தோஷமாக இருக்கும். விளக்கு கொஞ்சம் மங்கலா, மணி நேரத்தைக் கூட்டலாம். அதனால்தான் விலை உயர்ந்த விளக்கு வாங்க முடியவில்லையே என்று நான் கவலைப்படுவதே இல்லை. ஓரத்தில் இருக்கும் நாற்றுகளுக்கு நடுவில் இருப்பதில் பாதிதான் கிடைக்கும், அது தனிக் கதை. மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைத் திருப்பி வைப்பேன், பக்கவாட்டில் வெள்ளை அட்டை கட்டியிருக்கிறேன்.

மணி நேரத்தைக் கூட்டலாம் என்றேன். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே நேரத்துக்கு ஒரு மின் விலை. வாரநாளில் மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணிவரை மலிவு. அதனால் டைமரை மாலை 7 முதல் காலை 11 வரை வைத்திருந்தேன். நிலவறையில் அலமாரி நிற்கும் மூலைக்குப் பகல் எட்டாது, 11 மணிக்கு மேல் இருட்டு, ஒரு தொல்லையும் இல்லை. தக்காளி மட்டும் அதிகமாகிவிட்டதால் ஒரு தட்டை மேலே சமையலறைக் கண்ணாடிக் கதவுப் பக்கம் கொண்டுபோய், ஒரு பழைய விளக்கை அதே நேரக் கணக்கில் மாட்டினேன். இரண்டு வாரத்தில் இலையில் திட்டுத் திட்டாக வெளிர் மஞ்சள். உரம் போதவில்லை என்று நினைத்து உரம் கொடுத்தேன். மஞ்சள் அதிகமானது. கடைசியில்தான் உறைத்தது: பகலில் கதவு வழியாகச் சூரியன், இரவில் விளக்கு. அந்தத் தக்காளி இரண்டு வாரமாகத் தூங்கவே இல்லை. தக்காளிக்கும் கத்தரிக்கும் இடைவிடாத வெளிச்சம் ஆகாது, இலை பழுதாகும். டைமரை மாற்றி, ராத்திரி எட்டு மணி நேரம் இருட்டு கொடுத்த பிறகு வந்த புதுத் தளிர் பச்சையாக வந்தது. பழைய இலைகள் கடைசிவரை தேறவில்லை.

இருட்டுக்கும் செடி கணக்கு வைத்திருக்கும் என்பது எனக்குப் புதுசாக இருந்திருக்கக் கூடாது. எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால் சாமந்தித் தோட்டத்தில் வரிசை வரிசையாக பல்பு எரியும். சின்ன வயசில் திருட்டுக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். சாமந்தி, இரவு நீண்டால் பூக்கும் செடி. விளக்கைப் போட்டு இரவைக் குறுக்கிவிட்டால் மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். எப்போது பூ வேண்டுமோ அதற்கேற்ப விளக்கை அணைப்பார்கள். நாட்டு அவரையும் அந்த வகைதான். ஊரில் மார்கழி, தை மாதம் அவரைக்காய் குவிவதற்கு அதுவும் காரணம். இது தெரியாமல் அவரையை மார்ச்சிலேயே விளக்கடியில் முளைக்கவைத்து, பெருமையாக மே மாதம் நட்டேன். கோடை முழுக்கக் கொடி வேலியைத் தாண்டி அக்கா வீட்டுக் கூரைவரை போனது. பூ? செப்டம்பர் பாதியில் தலைகாட்டியது. அக்டோபரில் உறைபனி விழுந்து ஒரே ராத்திரியில் அத்தனையும் கீரை வதக்கினது மாதிரி ஆகிவிட்டது. விளக்கு வைத்து முன்கூட்டியே வளர்த்ததால் அவரையில் எனக்கு மிச்சமானது இலை மட்டும்.

எந்த விதையை எப்போது போடுவது என்பதற்கு இங்கே எல்லாரும் பிடித்துக்கொள்ளும் கொம்பு விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. அந்த வார இறுதிக்கு முன்னால் தக்காளியை வெளியே நட்டால் அது உங்கள் தைரியம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவேன். மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளரும், மார்ச் முதல் வாரம். தக்காளி மார்ச் கடைசி. பாகல், புடலை, பீர்க்கு எல்லாம் ஏப்ரல் கடைசியில்தான். ஒரு வருஷம் ஆர்வக்கோளாறில் பாகலையும் மார்ச்சில் போட்டேன். ஏப்ரலில் ஒரு காலை பார்த்தால் பற்றுச்சுருள் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு ஏறி, விளக்கு வயரையும் தழுவியிருந்தது. பிரித்தெடுப்பதற்குள் பாதிக் கொடி முறிந்தது.

முளைக்கும்வரை வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை, சூடுதான். என் நிலவறை மார்ச்சில் 17 டிகிரி. மிளகாய் விதைக்கு 25லிருந்து 30 வேண்டும். முதல் வருஷம் மூன்று வாரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது விதை போட்ட குழித்தட்டை அலமாரியின் மேல்தட்டில், கீழ்த்தட்டு விளக்கின் முதுகு படும் இடத்தில் வைக்கிறேன். முதுகில்தான் சூடு என்றேனே, அது வீணாகாமல் போகிறது. எட்டு, பத்து நாளில் வெள்ளைக் கொக்கி மாதிரி முளை வளைந்து மண்ணைக் கிளப்பும். பார்த்த அன்றைக்கே கீழே விளக்கடிக்கு இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துவிட்டு நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால், விடிவதற்குள் ஒரு அங்குலம் நீண்டிருக்கும். மிகையில்லை, அளந்திருக்கிறேன்.

2023 நவம்பரில் அம்மா வந்தார், ஏப்ரல்வரை இருந்தார். அலமாரியைப் பார்த்ததும் முதல் கேள்வி: “செடிக்குக்கூட கரண்ட் பில்லாடா?” கணக்குச் சொன்னேன். இரண்டு விளக்கும் சேர்ந்து 80 வாட், 16 மணி நேரம், நாளுக்கு 1.28 யூனிட், மாதம் 38 யூனிட் சொச்சம். பெரும்பாலும் ராத்திரி விலை என்பதால் நாலு டாலர் பக்கம், வரி, இதர கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் ஐந்தாறு டாலர். அம்மா அதை ரூபாயாக மாற்றி, ஒரு கட்டுக் கீரைக்கு எவ்வளவு என்று யோசித்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆனால் தினமும் காலையில் காபி குடித்ததும் முதலில் கீழே இறங்குவது அம்மாதான். இறங்கி, நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் தடவிக் கொடுப்பார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, குழந்தை தலையைக் கோதுவது மாதிரி, ஒவ்வொரு தட்டாக. நான் சிரிப்பேன். அந்த வருஷ நாற்று மாதிரி கட்டையாக, தண்டு பருத்து, வேறெந்த வருஷமும் வந்ததில்லை. அப்புறம் படித்தேன். நாற்றைத் தொட்டு அசைத்துக்கொண்டே இருந்தால் உயரம் குறைந்து தண்டு உறுதியாகும், தோட்டக்கலை ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த விஷயமாம். வெளியே காற்று செய்கிற வேலை அது. நிலவறையில் காற்று ஏது? அம்மா ஊருக்குப் போன பிறகு அந்த வேலையை ஒரு சின்ன மேஜை மின்விசிறி செய்கிறது. நாற்று மெல்ல நடுங்கும் அளவுக்கு, மணிக்குக் கால் மணி நேரம்.

மின்விசிறியால் இன்னொரு லாபமும் உண்டு. முதல் வருஷம் குழித்தட்டை பிளாஸ்டிக் மூடியால் மூடி, முளைத்த பிறகும் ஈரம் போகக் கூடாது என்று எடுக்காமல் விட்டிருந்தேன். நாலாம் நாள் நாற்றுகள் படுத்துவிட்டன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி சுருங்கி, மண்மேல் வெள்ளைப் பஞ்சு. நாற்றழுகல். வந்தால் காப்பாற்ற வழியில்லை. முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும், தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றி அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும், காற்று ஓட வேண்டும். இந்த மூன்றும் செய்யத் தொடங்கியதிலிருந்து எனக்கு அது வந்ததில்லை.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். இரண்டாவது கன்று வாங்கியபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் யோசனை கேட்டேன். அவர் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே மரம், ஆள் உயரம். “அது வின்ரர்ல நித்திரை கொள்ளும் தம்பி. தண்ணிய ஊத்தி எழுப்பாதேங்கோ” என்றார். அவர் அதைச் சூடு குறைவான பின்னறையில் வைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு குவளை தண்ணீர் மட்டும் கொடுப்பார். இலையெல்லாம் கொட்டிவிடும், ஏப்ரலில் தளிர்விடும். அவர் சொன்னபடியே ஒரு வருஷம் செய்தேன், பிழைத்தது. ஆனால் ரசத்துக்கு இலை வேண்டுமே.

அம்மா இருந்த குளிர்காலத்தில் அது கூடத்தில், 22 டிகிரிச் சூட்டில், ஜன்னலோரம் இருந்தது. இலை உதிரத் தொடங்கியதைப் பார்த்து அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் செய்கிற வைத்தியத்தைச் செய்தார்: நாலு நாள் புளித்த மோரை ஒரு சொம்பு ஊற்றினார். ஊரில் வெயிலும் மண்ணும் அதைப் பார்த்துக்கொள்ளும். ஜனவரி மாதம், ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டில், தொட்டிக்குள் மோர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் நாற்றம். ஒரு வாரத்தில் மண்ணிலிருந்து கடுகளவு கறுப்புக் கொசுக்கள் கிளம்பி டி.வி. முன்னால் பறந்தன. மனைவி அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “தொட்டி கீழ போகணும். இன்னிக்கே.”

கீழே போனது. மேல் மண்ணை இரண்டு அங்குலம் வழித்துக் கொட்டிப் புது மண் போட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை இரண்டு குத்தி, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் என்று வைத்தேன். கொசு ஒழிந்தது. மார்ச்வரை அலமாரியில் நாற்று இல்லை. அதனால் இரண்டு விளக்கையும் கழற்றி, உச்சியை வெட்டிய கறிவேப்பிலைக்கு இருபுறமும் ஒரு சாண் தள்ளி நெட்டுக்குத்தாகக் கட்டினேன், 14 மணி நேரம். நிலவறையின் 17 டிகிரி போதாது, கறிவேப்பிலை 18க்குக் கீழே சோம்பிவிடும். எனவே தொட்டியை நாற்றுக்கு வாங்கிய வெப்பப் பாயின் மேல் வைத்தேன். தூங்குகிற செடிக்குக் குளிர், இருட்டு, காய்ந்த மண் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். விழித்திருக்கிற செடிக்குச் சூடு, வெளிச்சம், தண்ணீர் மூன்றும் வேண்டும். என் முதல் கன்று செத்தது இரண்டுக்கும் நடுவில்: சூடும் தண்ணீரும் இருந்தன, சாப்பாடு இல்லை.

நாலாவது வாரம் வெட்டிய இடத்துக்குக் கீழே பச்சை மிளகு மாதிரி ஒரு மொட்டு. ஏழாவது வாரம் மூன்று கிளையில் தளிர். இடையில் செஞ்சிலந்திப் பேன் வந்தது, ஹீட்டர் காற்றின் வறட்சிக்கு அது வராமல் இருக்காது. இலையில் ஊசி குத்தினாற்போல் வெளிர் புள்ளி, அடியில் மெல்லிய வலை. குளியலறைக்குத் தூக்கிப் போய் ஷவரில் இலைக்கு அடியில் பீய்ச்சிக் கழுவினேன், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெள்ளை விளக்காக இருந்ததால் புள்ளியை முதல் வாரத்திலேயே பார்க்க முடிந்தது.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கிற வேலை இது. சுவர் பிளக்கிற்கு வரும் வயரை நேராக இழுக்காமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. நீட்டிப்பு வயர் தரையில் கிடக்கக் கூடாது. விளக்கில் சி.எஸ்.ஏ. போன்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் ஊதா விளக்கில் அப்படி எதுவும் இல்லை, அதன் அடாப்டர் ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை அடித்தது. அன்றைக்கே குப்பைக்குப் போனது.

இதெல்லாம் சரியாகச் செய்து, மே மாதம் தொட்டால் உடையாத நாற்றுகளை வைத்துக்கொண்டும் ஒரு வருஷம் கோட்டை விட்டேன். நல்ல வெயில் நாள், ஆசையாக எல்லாத் தட்டையும் காலையிலேயே வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் இலைகள் காகிதம் மாதிரி வெளுத்துக் கருகியிருந்தன. விளக்கடியில் 200 வாங்கிப் பழகிய இலை, மதிய வெயிலில் அதே அளவுகோலில் 2000 பக்கம் வாங்கினால் என்ன ஆகும்? பத்து மடங்கு. இப்போது பத்து நாள் எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு நாள் வேலி நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் காலை வெயில் மட்டும், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக. வேலைக்குப் போகிறவர்கள் மப்பான நாளாகப் பார்த்து ஆரம்பிக்கலாம்.

மார்ச் மாதம், அம்மா கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, கீழேயிருந்து ஒரு ஈர்க்கு கறிவேப்பிலையோடு ஏறி வந்தார். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பறித்த முதல் ஈர்க்கு. வெளியே முழங்கால் அளவு பனி. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு இலையைக் கிள்ளி, விரலில் கசக்கி, முகர்ந்து பார்த்தார்.

“வாசம் கொஞ்சம் கம்மிதான்டா” என்றார். “ஆனா தாளிக்கலாம்.”